உட்புதைந்த முலைக்காம்புச் சிகிச்சையைக் கைவிட்ட சுகாதாரச் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்தின் அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ்.இன் நிதியைப் பகுதிவாரியாக ஒதுக்கும் ஒருங்கிணைந்த பராமரிப்புச் சபைகளின் உறுப்பினர்களுக்கும், சுகாதார, சமூகப் பராமரிப்புத் திணைக்களத்தின் பொறுப்பாளர்களுக்கும்,

நான் வாழும் பகுதியின் சபை, அண்டைப் பகுதியின் கொள்கைகளோடு தன் கொள்கைகளை ஒன்றாக்கியபோது, உட்புதைந்த முலைக்காம்பைத் திருத்தும் சத்திரசிகிச்சையை, வழமையாக நிதி வழங்கப்படாத சிகிச்சைகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. முன்னிருந்த கொள்கையும் தாராளமானதல்ல. ஆயினும், மார்பின் தொழிற்பாடு பாதிக்கப்பட்டிருந்து, உறிஞ்சு கருவியாலும் பயன் கிடைக்காதிருந்தால், ஒரு பெண்ணை நிபுணரிடம் அனுப்புவதற்கு அது வழிவிட்டிருந்தது. அந்த வழியில் என் குடும்ப வைத்தியர் எனக்காக அனுப்பிய கடிதம், புதிய கொள்கையைச் சுட்டிக்காட்டும் சில வரிகளோடு திரும்பி வந்தது. ஏன் மாற்றினீர்கள், எந்தச் சான்றை வைத்து மாற்றினீர்கள், யாரைக் கேட்டு மாற்றினீர்கள் என்ற கேள்விகளுக்கு அந்த வரிகளில் விடை இல்லை.

இம்மடலின் ஆங்கிலப் பிரதி உங்களுக்கு அஞ்சலில் வருகிறது. தமிழில் இதை வெளியிடுவது, இதே குறையோடு இந்நாட்டில் வாழும் தமிழ்ப் பெண்கள் இதை வாசிக்க வேண்டும் என்பதற்காக. லண்டனின் மகப்பேற்றுக் கிளினிக்குகளில் தமிழ்த் தாய்மாருக்கு மொழிபெயர்ப்பாளராக நான் நீண்டகாலம் பணிபுரிந்திருக்கிறேன். எனக்கும் பருவமடைந்த காலம் முதல் இரு முலைக்காம்புகளும் உள்ளே புதைந்தே இருக்கின்றன. ஆகவே நோயாளியாக அறிந்ததையும், பிற பெண்களின் அருகிலிருந்து கண்டதையும் சேர்த்தே எழுதுகிறேன். அவர்களில் எவரையும் அடையாளம் காட்டக்கூடிய எதையும் இங்கே சொல்லப்போவதில்லை.

முலைக்காம்பின் கீழுள்ள பால்நாளங்கள் குறுகியிருப்பதாலும், நார்த்திசுக்கள் அதனை உள்ளே பிடித்து இழுப்பதாலும் இந்நிலை பெரும்பாலும் பிறவியிலேயே உண்டாகிறது. 1999 இல் வெளியான ஒரு கொரிய ஆய்வு, இளம்பெண்களில் நூற்றுக்கு மூவருக்குச் சற்று அதிகமானோரிடம் இதைக் கண்டது. அவர்களில் பெரும்பாலானோருக்கு இரு பக்கமும் இருந்தது. நிபுணர்கள் இதை மூன்று தரங்களாகப் பிரிக்கிறார்கள். முதலாம் தரத்தில் காம்பை விரலால் எளிதாக வெளியே எடுக்கலாம், அது சிறிது நேரம் அப்படியே நிற்கும். இரண்டாம் தரத்தில் வெளியே எடுத்தாலும் விட்டவுடன் உள்ளே போய்விடும். மூன்றாம் தரத்தில் அதை வெளியே எடுப்பதே அரிது. இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம், உங்கள் புதிய கொள்கையில் அது எங்குமே இல்லை என்பதுதான். எளிதில் சரியாகக்கூடிய நிலையில் இருக்கும் பெண்ணும், எந்தக் கருவிக்கும் அசையாத நிலையில் இருக்கும் பெண்ணும் அங்கே ஒரே வரியில் மறுக்கப்படுகிறார்கள்.

பழைய கொள்கையின் வேர், 2000களின் நடுப்பகுதியில் என்.எச்.எஸ். நவீனமயமாக்கல் முகவரகம் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைக்கு நிதி ஒதுக்குவோருக்காக வெளியிட்ட வழிகாட்டியில் இருக்கிறது. புற்றுநோய் இல்லையென்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். பருவமடைந்த பெண்ணுக்கு, தொழிற்பாடு சார்ந்த காரணத்துக்காக, உறிஞ்சு கருவியைச் சரியாகப் பயன்படுத்தியும் திருந்தாதபோது மட்டுமே சத்திரசிகிச்சை வழங்கலாம் என்பது அதன் சாரம். இது நியாயமான தொடக்கம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் நடைமுறையில் தொழிற்பாடு என்பது தாய்ப்பாலூட்டல் மட்டுமே என்று சுருக்கப்பட்டது. அந்தச் சுருக்கத்தால் இந்தக் கதவு திறந்திருந்த காலத்திலும் யாரும் உள்ளே போக முடியாததாக இருந்தது.

குழந்தை பெறாத பெண் குடும்ப வைத்தியரிடம் போனால், உங்களுக்கு இன்னும் தொழிற்பாட்டுக் குறை எதுவும் நிரூபிக்கப்படவில்லை, குழந்தை பிறக்கும்போது பார்க்கலாம் என்று சொல்லப்படுகிறது. கருவுற்ற பெண் போனால், இந்நேரத்தில் மார்பில் சத்திரசிகிச்சை செய்வதில்லை என்று சொல்லப்படுகிறது. அது சரியான விடைதான். குழந்தை பிறந்து, அது மார்பைக் கவ்வ முடியாமல் அழுதுகொண்டிருக்கும் நாட்களில் சத்திரசிகிச்சையைப் பற்றிப் பேசவே இடமில்லை. பாலூட்டும் முயற்சி தோற்று, புட்டிப்பாலுக்கு மாறி, மாதங்கள் கழிந்து போனால், இப்போது நீங்கள் பாலூட்டவில்லையே, தொழிற்பாட்டுக் காரணம் ஏது என்று கேட்கப்படுகிறது. அடுத்த குழந்தைக்காக என்று சொன்னால், தீவிர நிலையில் சத்திரசிகிச்சை செய்யும்போது பால்நாளங்களை வெட்ட வேண்டி வரலாம், ஆகவே அது பாலூட்டலுக்கு உதவாது என்று விளக்கப்படுகிறது. ஒரு பெண்ணின் வாழ்வில் எந்த வயதில், எந்த நிலையில் அவள் இந்தத் தகுதியைப் பெறுகிறாள் என்று எனக்கு யாராவது காட்டுங்கள்.

உறிஞ்சு கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். டக்ளஸ் மக்ஜோர்ஜ் என்ற பிரித்தானியப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் 1994 இல் அறிமுகப்படுத்திய நிப்லெட் என்ற சிறு கருவி, காம்பை மெல்ல வெளியே இழுத்து வைத்து, குறுகிய நாளங்களைக் காலப்போக்கில் நீட்டுவது. அது பயன்தரும் பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் அது வாரக்கணக்கில் ஒழுங்காக அணிய வேண்டியது. கருவுறுவதற்கு முன்போ, கர்ப்பத்தின் முதல் ஆறு மாதங்களுக்குள்ளோ பயன்படுத்த வேண்டியது. நான் மொழிபெயர்த்த சந்திப்புகளில் கர்ப்பத்தின் இறுதி மாதங்களில்தான் பெண்கள் முதன்முதலாக இதைப் பற்றி வாய் திறந்தார்கள். அதற்கு முன் யாரும் அவர்களிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும், கருவியைத் தங்கள் பணத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே பல இடங்களில் கிடைக்கும் விடை. ஒரு சிகிச்சையைச் சத்திரசிகிச்சைக்கு முந்திய கட்டாயப் படியாக வைத்துவிட்டு, அந்தப் படியை மருந்துச்சீட்டில் எழுதித் தராமல் விடுவது எவ்வகையில் பொருந்தும்?

மற்றைய எளிய வழிகள் பயன்படவில்லை என்பதை இந்நாட்டின் ஆய்வாளர்களே முப்பது ஆண்டுகளுக்கு முன் காட்டிவிட்டார்கள். மார்பில் அணியும் கிண்ணங்களையும் ஹொஃப்மன் பயிற்சி என்ற விரலால் இழுக்கும் முறையையும் சோதித்து 1992 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், கிண்ணம் அணியும்படி சொல்லப்பட்ட பெண்கள், சொல்லப்படாதவர்களைவிடக் குறைவாகவே ஆறு வாரத்தில் பாலூட்டிக்கொண்டிருந்தார்கள். பிரித்தானியாவிலும் கனடாவிலும் நடந்து 1994 இல் வெளியான பெரிய ஆய்வும் இவ்விரண்டாலும் பயன் காணவில்லை. இருந்தும், கர்ப்பிணிப் பெண்களுக்கு விரலால் இழுத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புவதை என் பணியில் கேட்டுக் கேட்டு நானே தமிழில் சொல்லியிருக்கிறேன். அதே காலத்தில், 1993 இல், கர்நாடகத்தின் தாவணகெரேயில் குழந்தைநல மருத்துவர்கள் ஒரு சாதாரண ஊசிக்குழாயின் நுனியை வெட்டி, அதைக் கொண்டு காம்பை இழுத்து, குழந்தை கவ்வ வைக்கும் முறையை விவரித்து எழுதினார்கள். சில ரூபாய் விலையுள்ள பொருளைக் கொண்டு தாய்க்கு உதவ முயன்ற அந்த அக்கறையை நான் இங்கே தேடுகிறேன். உங்களிடம் பணம் குறைவு என்பது எனக்குத் தெரியும்; ஆனால் இந்த விடயத்தில் முதலில் குறைவது பணமல்ல.

பாலூட்ட முடியாத தாய்க்கு வீட்டில் நடப்பதை நீங்கள் அறியமாட்டீர்கள். எங்கள் குடும்பங்களில் குழந்தை பிறந்ததும் அம்மாவோ மாமியாரோ கூட இருப்பார். பத்தியக் கறி, பால்சுறாப் புட்டு என்று பால் ஊறுவதற்காக எல்லாம் சமைத்துக் கொடுப்பார்கள். பால் ஊறும். ஆனால் குழந்தையின் வாய்க்குப் பிடிகிடைக்காது. பால் கட்டி, மார்பு கல்லாகி, காய்ச்சல் வந்து, குழந்தையின் நிறை இறங்கி, அந்தத் தாய் தன் உடம்பையே வெறுக்கும் நிலைக்கு வந்துவிடுவாள். மருத்துவிச்சி, காம்பின் மேல் வைத்துப் பாலூட்டும் சிலிக்கோன் மூடியைத் தருவார். சிலருக்கு அது உதவும், எனக்கும் ஓரளவு உதவியது. பலர் அதோடு விட்டுவிடுவார்கள். 2010 இல் நடந்த தேசிய ஆய்வின்படி, பிரித்தானியாவில் 81 வீதமான தாய்மார் தாய்ப்பாலூட்டத் தொடங்கினார்கள். ஆறு மாதத்தில் அது 34 வீதமாகக் குறைந்துவிட்டது. இதைக் கூட்ட வேண்டும் என்று சுவரொட்டி ஒட்டும் அதே சேவை, காம்பு வெளியே வராத பெண்ணைப் பார்த்து உனக்கு இருப்பது அழகுக் குறை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

தாய்ப்பாலோடு இது முடிவதில்லை. புதைந்த காம்பின் குழியில் வியர்வையும் இறந்த தோலும் தேங்கி, தோல் வெடித்து, புண்ணாகி, துர்நாற்றத்தோடு நீர் கசிவது எனக்குப் பழகிப்போன ஒன்று. அதற்கு மேல், காம்புவட்டத்தின் கீழ் நாளங்களில் அழற்சி ஏற்பட்டுச் சீழ்க்கட்டி வந்திருக்கிறது. அன்டிபயோட்டிக், பிறகு ஸ்கான் பார்த்து ஊசியால் சீழ் எடுத்தல், மறுபடி அன்டிபயோட்டிக் என்று அது திரும்பத் திரும்ப வந்தது. இந்தக் கட்டிகளுக்குப் புகைத்தல் முக்கிய காரணம் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்தது. ஆகவே ஒவ்வொரு முறையும் என்னிடம் அதைக் கேட்பார்கள். நான் புகைத்ததில்லை. கட்டி நாட்பட்டு, தோலில் சீழ் வழியும் துவாரம் விழுந்தால், அப்போது நாளத்தையே வெட்டியெடுக்கும் சத்திரசிகிச்சைக்கு உங்கள் சேவை பணம் தரும். அந்த நிலைக்கு வராமல் தடுக்கக்கூடிய, பெரும்பாலும் அன்றே வீடு திரும்பக்கூடிய சிறிய சத்திரசிகிச்சைக்குத் தராது. கிளினிக்குகளிலும் அவசர சிகிச்சைப் பிரிவுகளிலும் இதற்காகச் செலவாகும் தொகையை உங்கள் கொள்கை எழுதியவர்கள் கணக்கிட்டார்களா என்று கேட்கிறேன்.

இனி, என்னை மிகவும் கவலைப்படுத்தும் ஒன்று. புதிதாக உள்வாங்கிய முலைக்காம்பு மார்பகப் புற்றுநோயின் அறிகுறிகளில் ஒன்று. மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் நிறுவனத்தின் 2015 ஆம் ஆண்டு வழிகாட்டி, 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவருக்கு ஒரு பக்கத்துக் காம்பு மட்டும் உள்வாங்கினால் புற்றுநோய் ஐயத்தின் பேரில் உடனடியாக அனுப்பும்படி சொல்கிறது. பிறவியிலேயே காம்பு புதைந்திருக்கும் பெண்ணுக்கு இந்த எச்சரிக்கை மணி அடிப்பதில்லை. அவள் வேறு அறிகுறிகளை நம்பியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒரு பெண், இளவயதில் ஒருமுறை துணிந்து மார்பைக் காட்டச் சென்று, இது அழகு விடயம், நாங்கள் பார்ப்பதில்லை என்று திருப்பியனுப்பப்பட்டால், ஐம்பது வயதில் அதே மார்பில் வலியோ கசிவோ தோலில் மாற்றமோ வரும்போது மீண்டும் செல்வாளா? எங்கள் பெண்களில் பலர், கணவரிடம்கூடச் சொல்லாத ஒன்றை முன்பின் தெரியாத வைத்தியரிடம் சொல்வதற்கு ஆண்டுகள் எடுக்கிறார்கள். அந்தத் துணிவை ஒருமுறை உடைத்துவிட்டால் அது எளிதில் திரும்பி வராது. எனக்கு வந்த மறுப்புக் கடிதத்தில், மாற்றம் ஏதும் கண்டால் உடனே வாருங்கள் என்ற ஒரு வரிகூட இருக்கவில்லை.

மறுக்கப்பட்டவர் தனிநபர் நிதி விண்ணப்பம் அனுப்பலாம் என்று சொல்வீர்கள். அந்த வழியின் நிபந்தனை, இதே நோயுள்ள பிறரிலிருந்து இவர் மருத்துவ ரீதியில் பெரிதும் வேறுபட்டவர் என்றும், அவர்களைவிட இவருக்குக் கூடுதல் பயன் கிட்டும் என்றும் வைத்தியர் காட்ட வேண்டும் என்பது. நோயால் வரும் துன்பம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தால், அது எவ்வளவு கடுமையானதாக இருந்தாலும், யாரும் விதிவிலக்கு ஆகமாட்டார்கள். உடைமாற்றும் அறையைத் தவிர்த்து, நீச்சலைத் தவிர்த்து, திருமணத்தையே தள்ளிப்போட்டு வாழ்ந்த பெண்களை எனக்குத் தெரியும். மனநலப் பாதிப்பும் சமூகச் சூழலும் பெரும்பாலும் இந்தக் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை என்பதால் அவர்களுடைய இந்த ஆண்டுகளுக்கு உங்கள் படிவத்தில் இடம் கிடையாது.

உங்கள் பக்கத்து நியாயங்களையும் நான் வாசித்திருக்கிறேன். இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பின் சிலருக்குக் காம்பு மீண்டும் உள்ளே போய்விடுகிறது, உணர்ச்சி குறையலாம், பால்நாளங்கள் சேதமடையலாம். இவை உண்மை. ஆனால் நாளங்களைக் காக்கும் முறைகளும் இருக்கின்றன. இலேசான, நடுத்தர நிலைகளில் அவற்றை முயலலாம். எந்த நிலைக்கு எந்த முறை, என்ன இழப்பு வரலாம் என்பதை ஒரு மார்பக நிபுணர் ஒரு பெண்ணின் முன் அமர்ந்து விளக்கட்டும். 2015 இல் மொன்கொமரி வழக்கில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம், ஆபத்தையும் மாற்றுவழிகளையும் நோயாளிக்கு விளக்கி, முடிவை அவரிடம் விடுவதே மருத்துவரின் கடமை என்று தீர்ப்பளித்தது. பாலூட்டும் வாய்ப்பை இழந்தாலும் சீழ்க்கட்டி இல்லாத வாழ்வு வேண்டும் என்று ஒரு பெண் சொன்னால், குழந்தை பெற விரும்பாத அல்லது பெற்று முடித்த பெண் அப்படிச் சொன்னால், அவளுடைய மார்பை எதிர்காலக் குழந்தைக்காகப் பாதுகாக்கும் பொறுப்பை உங்களிடம் யாரும் தரவில்லை.

வெவ்வேறு பகுதிகளில் வெவ்வேறு விதி இருப்பதையும் இனிச் சகிக்க இயலாது. 2022 யூலை 1 இல் 42 சபைகள் பொறுப்பேற்றபோது, அவற்றுக்கு முன் உள்ளூரில் நிதி ஒதுக்கிவந்த குழுக்களின் விதிகள் அப்படியே அவற்றின் கைக்கு வந்தன. ஒரு வீதியின் இந்தப் பக்கத்தில் கிடைப்பது அந்தப் பக்கத்தில் கிடைக்காத நிலை தொடர்ந்தது. இப்போது சபைகளின் நிர்வாகச் செலவைப் பாதியாகக் குறைக்கும்படி 2025 இல் உத்தரவு வந்து, அவை ஒன்றோடொன்று சேர்கின்றன. அப்படிச் சேரும்போது இரண்டு கொள்கைகளில் எது கடுமையானதோ அதையே எடுத்துக்கொள்வதுதான் எங்கள் பகுதியில் நடந்தது. மார்பகக் குறைப்புச் சத்திரசிகிச்சைக்கு 2019 முதல் நாடு முழுமைக்கும் பொதுவான மருத்துவ அளவுகோல்கள் இருக்கின்றன. அதையும் முன்னர் அழகு விடயம் என்றுதான் பலர் ஒதுக்கினார்கள். தோள்வலியையும் தோல் புண்ணையும் அளந்து விதி எழுத முடிந்த உங்களால் இதற்கும் எழுத முடியும்.

2022 இல் வெளியான, பெண்களுக்கான அரச சுகாதார உபாயத்துக்காகக் கருத்துக் கேட்டபோது, விடையளித்தவர்களில் 84 வீதமானோர், சுகாதாரப் பணியாளர்கள் தங்களுக்குச் செவிசாய்க்காத தருணங்கள் இருந்தன என்று சொன்னார்கள். அந்த உபாயத்தை வெளியிட்டவர்கள் திணைக்களத்தினராகிய நீங்கள்தான். ஆகவே நான் கேட்பவற்றைத் தெளிவாகவே கேட்கிறேன்.

எங்கள் பகுதிச் சபை இப்புதிய விதியை உடனடியாக இடைநிறுத்தி, அதற்கு ஆதாரமான சான்றுகளையும், 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் விதிக்கும் கடமையை எப்படிக் கவனத்தில் எடுத்தது என்பதையும் வெளியிட வேண்டும். பழைய விதியின் கீழ் அனுப்பப்பட்டுத் திருப்பப்பட்ட பெண்கள் அனைவரையும் அந்த விதியின்படியே பார்க்க வேண்டும். திணைக்களம், மார்பக நிபுணர்களையும் மருத்துவிச்சிகளையும் இந்நிலையோடு வாழும் பெண்களையும் ஒரே மேசையில் அமர்த்தி, மார்பகக் குறைப்புக்கு எழுதியது போல நாடு முழுமைக்கும் ஓர் அளவுகோலை எழுத வேண்டும்; அதில் காம்பின் தரம், திரும்பத் திரும்ப வரும் தொற்று, ஆறாத தோல் புண், முந்திய குழந்தைக்குப் பாலூட்ட முடியாமற் போனமை, மனநலப் பாதிப்பு ஆகிய ஒவ்வொன்றும் இடம்பெற வேண்டும். கொள்கையைக் காட்டி மறுப்பதற்கு முன் ஒரு மார்பக நிபுணர் அந்தப் பெண்ணை ஒருமுறையாவது பரிசோதிக்க வேண்டும். உறிஞ்சு கருவி மருந்துச்சீட்டில் கிடைக்க வேண்டும். கர்ப்பத்தின் முதற் சந்திப்பிலேயே, தேவையான இடத்தில் மொழிபெயர்ப்பாளரோடு, இதைப் பற்றிக் கேட்க வேண்டும். பயனற்றவை என்று காட்டப்பட்ட பயிற்சிகளைச் சொல்லிக் கொடுப்பதை நிறுத்த வேண்டும். மறுப்புக் கடிதம் ஒவ்வொன்றிலும், காம்பிலோ தோலிலோ புதிய மாற்றம் கண்டால் தாமதியாமல் வரவேண்டும் என்ற அறிவுறுத்தல், அந்தப் பெண் வாசிக்கக்கூடிய மொழியில் இருக்க வேண்டும்.

இறுதியாக, கடந்த ஐந்து ஆண்டுகளில் இந்தச் சத்திரசிகிச்சைக்காக உங்களுக்கு வந்த தனிநபர் நிதி விண்ணப்பங்கள் எத்தனை, அவற்றில் எத்தனை ஏற்கப்பட்டன, எத்தனை என்ன காரணத்தால் மறுக்கப்பட்டன என்ற விபரங்களை ஒவ்வொரு சபையிடமும் கேட்கிறேன். இவற்றை 2000 ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ்க் கேட்பதாக ஆங்கிலப் பிரதியில் தனியே குறிப்பிட்டிருக்கிறேன். சட்டம் தரும் 20 வேலைநாட்களுக்குள் எழுத்துமூலம் விடை அனுப்புங்கள். அது கிடைத்ததும் தமிழில் வெளியிடுவேன்.

இவ்வண்ணம்,
லண்டனில் வாழும் ஒரு தாய், மகப்பேற்றுக் கிளினிக் மொழிபெயர்ப்பாளர்